பால்காய்ச்சி அண்ணனும் இரண்டு பொட்டும்

மதுரை ஜில்லாவிலேயே கம்ப்யூட்டருக்குக் கிரகப்பிரவேசம் நடத்திய ஒரே ஆசாமி பால்காய்ச்சி அண்ணன்தான். திருமங்கலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. விண்டோஸைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து புதுசுக்கு மாற்றச் சொன்னால், நல்ல நேரம் பார்த்து, பால் காய்ச்சிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவார்.

"குடி போகுதுல்ல மாப்ள? சும்மா போயி உக்காருமா?"

பசுமலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் டிக் டிக்கென்று முனகத் தொடங்கியபோது அவரைத்தான் கூப்பிட்டேன். உள்ளே என் மனைவி செல்வியின் ஆய்வேடு இருந்தது. கல்லூரியில் கொடுக்கவேண்டிய கெடு நெருங்கிவிட்டது. வேறு பிரதி கிடையாது. படித்தவர்கள் வீட்டு லட்சணம்!

அண்ணன் வந்ததும், "தங்கச்சி, இதுல எது போச்சுன்னா நீ அழுவ?" என்று கேட்டார். செல்வி ஆய்வேட்டைக் காட்டினாள். அதை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, உப்பு மஞ்சளோடு துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பழைய டிஸ்கும் புதுசும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. அடையாளத்துக்குப் புதுசில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனார். திரும்பிவந்து ஒன்றைக் கையில் எடுத்தார். பொட்டு இருந்தது. பிரதியெடுக்கும் பெட்டியில் புதுசுக்கான பக்கத்தில் செருகினார். மற்றதைப் பார்க்காமலே பழசுக்கான பக்கத்தில் செருகி, பட்டனை அமுக்கினார். நாங்கள் பால் குடித்தோம்.

வேலை முடிந்ததும் ஒன்றை மாட்டினார். திரை இருட்டு. மற்றதை மாட்டினார். அதுவும் இருட்டு. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"யாரு பழசுக்கும் பொட்டு வச்சது?"

"நாந்தாண்ணே. புதுசுக்கு மட்டும் வச்சா பழசு பாவமில்லையா?" என்றாள் செல்வி.

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெறும் டிஸ்கைப் பிரதியெடுத்து, நிறைந்திருந்த டிஸ்கின்மேல் எழுதியாகிவிட்டது! விண்டோஸ் போச்சு, நான் பாதி எழுதிவைத்திருந்த நாவலும் போச்சு. நாவலுக்காக யாரும் அழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"ஐயோ அண்ணே, என் ஆய்வேடு?" என்றாள் செல்வி.

"அது எங்குட்டுப் போகும்? குடி போறப்ப உப்பும் மஞ்சளுந்தான முதல்ல எடுத்துவைப்போம்? அந்தா சாமிகிட்ட இருக்கு பாரு."

பதற்றத்தில் எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது. முடிச்சை அவிழ்க்கும்போதுதான் செல்வி அழுதாள்.

கெடுவுக்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. நன்றிப் பக்கத்தில் 'பால்காய்ச்சி அண்ணன்' என்றிருந்ததைப் பார்த்து, "யாரும்மா இவரு?" என்று கேட்டார் பேராசிரியர்.

கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத செல்வி, "எங்கண்ணன் சார்" என்றாள்.