முப்பத்தெட்டாவது வேகனில் ரொட்டி சிவக்கும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்து, மகன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். டாக்டர்கள் எழுத்தையே படிக்கிறவர் ஆயிற்றே என்று நம்பி ஒப்படைத்திருக்கிறேன்.

தபால்காரர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தார்களே, சர்க்கரை லாரி கவிழ்ந்து தண்டவாளம் முழுக்க எறும்பு மொய்த்ததே, அந்த வருஷம்தான் நான் ரயில்வே கேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த நாலாம் மாதம், அதே கேட்டில் என்னோடு நின்ற கூட்டாளி நீ, உன் அக்காவை எனக்குக் கட்டிவைத்தாய். அன்று முதல் எட்டு மாதம் முன்பு அவள் கண்ணை மூடும்வரை நான் அடுப்புப் பக்கம் போனதில்லை, அவள் விட்டதும் இல்லை. அவள் போன பிறகு சனி, ஞாயிறு என் மகள் வந்து சமைத்துப் போடுகிறாள். மற்ற ஐந்து நாளும் பேக்கரி ரொட்டியைப் பிய்த்து, ஜன்னலோரம் நின்றபடி விழுங்கிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டாள். "ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை நீங்களே சூடா செஞ்சு சாப்பிட்டுக் காட்டுங்கப்பா. முடியலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடணும்" என்றாள். அவள் வீடு ஆறாவது மாடி. அங்கே ரயில் சத்தம் கேட்காது. அங்கே போய் நான் எந்நேரம் என்று எப்படித் தெரிந்துகொள்வேன்?

பத்தே நிமிஷத்தில் சாப்பாடு என்று ஒரு சாண்ட்விச் மெஷினையும் வாங்கிவந்து வைத்தாள். ரொட்டிக்கு நடுவில் எதையாவது வை, மூடு, பச்சை விளக்கு எரிந்ததும் எடு. இவ்வளவுதான் பாடம். திங்கட்கிழமை வைத்தேன், மூடினேன். முதலில் சிவப்பு எரிந்தது. சரி, காத்திருந்தேன். பிறகு பச்சை எரிந்தது, ஆனால் சிவப்பு அணையவில்லை. இரண்டும் சேர்ந்து எரிந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிக்னல் பழுது. பழுது என்றால் சிவப்பாகவே எடுத்துக்கொண்டு, எதையும் தொடாமல், மேலே தகவல் சொல்ல வேண்டும். நாற்பத்தோரு வருஷம் அப்படித்தான் செய்தேன், ஒரு உயிர் போனதில்லை. மேலே என்றால் மகள்தானே, போன் போட்டேன். அவள் வேலையில் இருந்தாள், எடுக்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். புகை மருந்துக்கடை வரைக்கும் போய், இவர் இருமிக்கொண்டே ஏறிவந்து பிளக்கைப் பிடுங்கினார். (இந்த இடத்தை விரும்பி எழுதுகிறார்.) மகள் பிறகு கூப்பிட்டு, "அப்பா, அது ரயில் இல்ல. சிவப்புன்னா கரண்ட் இருக்கு, பச்சைன்னா சூடு ஏறிடுச்சு" என்றாள். இதை முன்னாலேயே சொல்வதற்கு என்ன என்று கேட்டால் சிரிக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவச் சொல்லியிருந்தாள். ஒரு ரொட்டித் துண்டுக்கு இரண்டு பக்கம், இரண்டு துண்டுக்கு நாலு. நான் தடவியது நாலு. மூடியை அழுத்தியதும் மேல்துண்டு மீன்மாதிரி வழுக்கிக் கீழே குதித்தது. வெளிப்பக்கம் மட்டும் தடவினால் போதுமாம். புதன்கிழமை சீஸ் வைத்தேன். அதற்குக் கண்ணாடித் தாளில் ஒரு தோல் உண்டு, உரிக்க வேண்டும் என்று யார் கண்டது? பிளாஸ்டிக் உருகி மெஷினின் வாயே திறக்கவில்லை. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன்.

அன்றைக்குப் பசியோடு உட்கார்ந்து யோசித்தேன். விளக்கை நம்ப முடியவில்லை, கடிகாரத்தில் நிமிஷம் பார்க்க வராது. ஆனால் சரக்கு வண்டி எண்ணத் தெரியும். வியாழக்கிழமை மூடியை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டு, கேட்டைக் கடக்கிற வேகத்தில் ஒவ்வொரு வேகனாக எண்ணினேன். இருபதில் திறந்து பார்த்தால் வெளுப்பு. முப்பத்தெட்டில் பொன்னிறம். வேகவைத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், மேலே கொஞ்சம் மிளகுத்தூள். ஒன்று கவனித்தேன். சூடான பண்டத்தை நின்றபடி விழுங்க முடிவதில்லை. ஊதி ஊதித்தான் தின்ன வேண்டும், அதற்கு உட்கார வேண்டும். எட்டு மாதத்தில் அன்றுதான் உன் அக்காவின் மேஜையில் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மகளுக்கும் செய்துகொடுத்தேன். முழுவதும் தின்றுவிட்டு, தட்டில் கிடந்த துணுக்கையும் விரலால் ஒற்றி எடுத்தாள். "சரிப்பா, இங்கேயே இருங்க" என்றாள். ஆகவே உன் அத்தான் தனியாகச் சமாளிப்பான், நீ கவலைப்படாதே. உன் பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். மருமகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான் (கைநாட்டு)

பின்குறிப்பு: தனியாகச் சமாளிப்பேன் என்று மேலே சொன்னதை அடித்துவிடச் சொன்னேன். கடிதம் அசிங்கமாகிவிடும் என்று மருந்துக்கடைக்காரர் மறுக்கிறார். இந்த மெஷினில் இரண்டு சாண்ட்விச் வைத்தால்தான் மூடி நேராக உட்காருகிறது. ஒன்று மட்டும் வைத்தால் சாய்ந்து ஒரு பக்கம் தீய்ந்துவிடுகிறது. அதனால் தினமும் இரண்டு செய்கிறேன். இரண்டாவது, எதிர் நாற்காலிக்கு முன்னால் ஆறிப்போகிறது. முழங்கால் இடம் கொடுத்தால் ஒரு மாதம் வந்து இரு. மருந்துக்கடைக்காரர் ஐயா என்கிறார், மகள் அப்பா என்கிறாள், தெருவில் எல்லோரும் பெரியவரே என்கிறார்கள். என்னை டேய் என்று கூப்பிட உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான்.