பதினான்காம் குறிப்பு

மணி மூன்றேகால். நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். முப்பது குறிப்புகளில் இருபத்தொன்பதுக்கு விளக்கம் எழுதி முடித்த விளக்கு, 'மேலிருந்து கீழ் 14' என்று எழுதிய இடத்திலேயே அரை மணி நேரமாகப் பேனாவை ஊன்றிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் புதிருக்கு மறுநாள் விளக்கம் எழுதுகிறவர் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் விளக்குதான். அது சாதாரணப் புதிர் இல்லை. சொல்வது ஒன்று, விடை வேறொன்று. 'வாலில்லாக் குதிரை காலில் நிற்கும்' என்பார்கள். குதிரையின் கடைசி எழுத்தை எடுத்தால் குதி. குதி இருப்பது காலில். இப்படி நாலு வரி எழுதும் நாற்காலிக்காக அவர் மரண அறிவித்தல் பகுதியில் பதினோரு வருடம் தவம் கிடந்திருந்தார்.

புதிரை அமைப்பவர் ஒரு பல் மருத்துவர். பெரிய கோபக்காரர். ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, பின்பக்கம் எண் போட்டு, விடைகள் நிரப்பிய கட்டத்தோடு உறையில் அனுப்புவார். விளக்கம் மட்டும் அனுப்ப மாட்டார். அதைக் கேட்கிற ஆளுக்குப் புதிர்ப் பக்கத்தில் என்ன வேலை என்பார். தப்பாக விளக்கம் எழுதிய முந்தைய ஆசாமி இப்போது மரண அறிவித்தலில் இருக்கிறார், விளக்கின் பழைய நாற்காலியிலேயே.

இந்த முறை ஒரு சீட்டின் பின்னால் எண் இல்லை. மிச்சமிருந்தது பதினான்கு மட்டும்தான் என்பதால் விளக்கே அதைப் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமையான இன்று காலை புதிர் வெளியாகியும்விட்டது.

'பாலை நிறுத்து, ஞாயிறு வரை வீட்டில் யாருமில்லை.' மூன்றெழுத்து. கட்டத்தில் இருந்த விடை, முதலை.

பாலுக்கும் முதலைக்கும் என்ன உறவு? மருத்துவரின் போன் அணைந்து கிடந்தது. டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், வர நாளாகும் என்றார் அவருடைய உதவியாளர். வேறு வழி தெரியாமல் விளக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

"தெரியலைன்னு போட்டுடுங்களேன்."

"அப்படிப் போட்டா நாளைக்கு நான் எங்கே இருப்பேன் தெரியுமா?"

"பழைய இடத்துலதானே. அங்கே இருந்தப்ப நல்லாத் தூங்கினீங்க."

மூன்று ஐம்பதுக்கு, பயத்தில் மூளை ஒரு குதி குதித்தது. ஞாயிறு வாரத்தின் முதல் நாள். 'முதல்' என்பதில் கடைசி எழுத்தை நிறுத்தினால் 'முத'. 'பாலை' என்பதில் முதல் எழுத்தை நிறுத்தினால் 'லை'. சேர்த்தால் முதலை! வீட்டில் யாருமில்லை என்பதற்கும் ஒரு வரி எழுதினார். முதலை குடிவந்த வீட்டில் வேறு யார் இருப்பார்கள்?

பக்கம் போய்விட்டது. அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை ஓய்வுபெற்ற நீதிபதி போன் செய்தார். முப்பது வருடமாகப் புதிரை ஒரு நாள் விடாமல் விடுவிக்கிறவர், ஒரு தப்பையும் மன்னிக்காதவர். குறிப்பில் 'நிறுத்து' ஒரு முறைதான் வருகிறது, அதை வைத்து இரண்டு சொற்களில் எப்படிக் கை வைத்தீர்கள் என்று கேட்டார். குரலில் இன்னும் நீதிமன்றம் இருந்தது.

"அது டாக்டரோட புது முறைங்க ஐயா" என்றார் விளக்கு. வாய் தானாகவே மேலும் பேசியது. "இரட்டை நிறுத்தம்னு பேரு. என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கார்."

நீதிபதி, இதைத் தனியாகக் கேட்டுக்கொள்வது அநியாயம் என்று சொல்லி, நேராகப் பத்திரிகை ஆசிரியரையே கூப்பிட்டுவிட்டார்.

வியாழக்கிழமை முதல் பக்கத்தில் கட்டம் கட்டி அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நமது அலுவலகக் கூடத்தில், 'இரட்டை நிறுத்தம்: விளக்கவுரை'. ஆசிரியர் தோளில் தட்டி, இதைச் சிறு புத்தகமாகவே போட்டுவிடலாம் என்றார். மருத்துவர் அதற்குள் திரும்பிவிட்டால்? திரும்பாவிட்டாலும் என்றைக்காவது பழைய பத்திரிகையைப் புரட்டாமலா இருப்பார்? வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் கனவில் முதலை ஒன்று அவருடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து, இறந்தவர்களின் புகைப்படம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கூடத்தில் நாற்பது பேர். முதல் வரிசையில் நீதிபதியும் ஆசிரியரும். பலகையில் குறிப்பை எழுதிவிட்டு, 'முதல்' என்பதன் வாலையும் 'பாலை' என்பதன் தலையையும் விளக்கு அழித்துக் காட்டினார். நாற்பது பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பிழைத்தோம் என்று அவருக்கு மூச்சு வந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா கேட்டுடுங்க" என்றார் நீதிபதி.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். குறிப்பேடு இல்லாமல் வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"நான் புதிருக்கு விடை தேடுறவன் இல்லைங்க. டாக்டர் வீட்டுக்குப் பால் ஊத்துறவன். திங்கக்கிழமை ஊருக்குக் கிளம்பறப்ப எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கதவுல செருகிட்டுப் போயிருக்கார். எனக்கு அர்த்தம் புரியலை. அவர் எழுதுறதுக்கு அர்த்தம் சொல்ற ஆள் இங்கே இருக்கார்னு பக்கத்து வீட்டம்மாதான் அனுப்பினாங்க. பின்னால பதினாலுன்னு போட்டிருந்துச்சு. சரின்னு அஞ்சு நாளா தினம் பதினாலு பாட்டில் வச்சுட்டு வர்றேன். வாசல்ல கால் வைக்க இடமில்லை."

விளக்கு சீட்டை வாங்கினார். அதே கையெழுத்து. பின்னால் நீல மையில் 14. சீட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளப் பார்த்தார். அதற்குள் நீதிபதி எழுந்து வந்து வாங்கிவிட்டார்.

"'போட்ட பணத்தைத் தண்ணீரில் தேடு'" என்று சத்தமாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "போட்ட பணம் முதல். போட்ட பணத்தை, முதலை. தண்ணீரில் இருக்கறதும் முதலை. எவ்வளவு சுத்தமான குறிப்பு!" பிறகு மலர்ச்சி மெல்ல வடிந்தது. "பதினாலுக்கு இதுதான் குறிப்புன்னா, செவ்வாய்க்கிழமை நாம போட்டது என்ன?"

நாற்பது பேரும் பலகையைப் பார்த்தார்கள். 'பாலை நிறுத்து, ஞாயிறு வரை வீட்டில் யாருமில்லை.' ஆசிரியர் அதை உதட்டை அசைத்து ஒரு தடவை படித்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மரண அறிவித்தல் பகுதியின் கதவு திறந்தது. விளக்குக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

அதற்குள் கூடம் முழுக்கத் திரும்பிப் பால்காரரைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அத்தனை கண்களையும் கண்டு அவருக்கு வியர்த்துவிட்டது. முன்னால் வந்து விளக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாவது சொல்லுங்க ஐயா, பால்ல நான் தண்ணி கலக்கறது டாக்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?"