செயலமர்வுக்கு வெற்றிலை

இனிமேல் வெறும் கதிரைகளுக்கு வகுப்பெடுப்பதில்லை என்று அருமைநாயகம் தீர்மானித்தார். பெரிய தீர்மானம்தான். அதைக் கேட்கவும் அந்த மண்டபத்தில் கதிரைகள்தான் இருந்தன.

அவர் மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சி உத்தியோகத்தர். ஊர் ஊராகப் போய் 'நேர முகாமைத்துவம்' பற்றி, அதாவது நேரத்தை வீணாக்காமல் திட்டமிடுவது பற்றி, செயலமர்வு நடத்துவது வேலை. செயலமர்வு என்றால் செயலும் வேண்டும், அமர்வும் வேண்டும். செட்டிபாளையத்தில் செயலுக்கு ஆளில்லை. அமர்ந்தவர், கதிரைகளை வாடகைக்குக் கொடுத்தவர் ஒருவரே. அவரும் கதிரைகளை எப்போது ஏற்றலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

பணிப்பாளர் பர்ஸானா கோபிக்கவில்லை. "அடுத்த முறையும் மண்டபம் நிறையாட்டி, மன்னார்க் கிளையில ஒரு இடம் இருக்கு, சேர்" என்று மெல்லச் சொன்னார். கோபித்திருக்கலாம்.

அருமைநாயகத்துக்கு மன்னார் மீது பகையில்லை. ஆனால் அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இடுப்பில் சாரனோடு வாவிக்காற்றில் படுத்துக்கிடக்க வேண்டும். வாவியை மன்னாருக்குக் கொண்டுபோக முடியாது.

தன்னாமுனையில் பிறந்த அவர், கல்யாணம் முடித்ததும் இந்தப் பக்கத்து வழக்கப்படி செட்டிபாளையத்தில் பெண்வீட்டில் குடியேறினார். ஊர் முழுக்க மனைவி கேதீஸ்வரியின் சொந்தம். சொந்தம் இருந்தால் நல்லது கெட்டது இருக்கும்; சாமத்திய வீடு இருக்கும், குடிபூரல் இருக்கும், அந்திரட்டி இருக்கும். அவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் கேதீஸ்வரி தனியே போவாள்.

"அவர் எங்ககா?"

"அவருக்குச் செயலமர்வு."

இப்படிச் சொல்லிச் சொல்லியே, அந்த ஊர் அகராதியில் செயலமர்வு என்ற சொல்லுக்கு 'வராமல் இருப்பதற்கான காரணம்' என்று பொருள் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஊர் வராததில் வியப்பில்லை. அருமைநாயகம் மட்டும் வியந்தார்.

"வாட்ஸ்அப்பில அவ்வளவு பேரும் கட்டைவிரல் காட்டினாங்களே, கேதீஸ்! முகத்தைக் காட்ட ஒருத்தரும் இல்லையே!"

இறால் உரித்துக்கொண்டிருந்த கேதீஸ்வரி நிமிரவில்லை. "கட்டைவிரல் எண்டா வாறன் எண்டில்ல. கண்டுட்டன் எண்டு."

"ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டியும் சொன்னன்."

"மீன்காரனும்தான் ஸ்பீக்கர்ல சொல்லிட்டுப் போறான். அவனிட்டயாவது மீன் இருக்கு."

"வேற எப்பிடித்தான் கூப்பிடுற?"

"வட்டாவில வெத்தில பாக்கு வெச்சி, வாசலுக்குப் போய்ச் சொல்லணும். சொல்லாத இடத்துக்கு எங்கட சனம் போகாது."

"இது என்ன, கலியாண வீடா? நேர முகாமைத்துவம்!"

"அப்ப விடுங்க. மன்னாரில வெயில் கொஞ்சம் கூட எண்டு சொல்றாங்க."

அருமைநாயகம் அலுமாரி மேலிருந்த பித்தளை வட்டாவைப் பார்த்தார். மன்னாரை நினைத்தார். இணங்கினார். ஆனால் இணங்குகிறவருக்கும் ஓர் உபதேசம் செய்ய உரிமை உண்டு.

"சும்மா சொல்லிட்டு வராத. 'வாறன்' எண்டு அவங்கட வாயால, நாலு பேருக்கு முன்னால சொல்ல வைக்கணும். முதல் நாள் ஞாபகப்படுத்தணும். அண்டைக்கு விடிய ஆள் அனுப்பணும். இப்பிடிச் செஞ்சா ஒருத்தரும் தப்ப ஏலாது. கொழும்புப் பயிற்சியில படிச்சது."

"நல்ல முறைதான். மறுகா, அவங்க ஏதும் கேட்டா?"

"என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லிட்டு வா."

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்!"

கேதீஸ்வரி இறாலைக் கழுவப் போனாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்றால், அதைப் பார்க்க அருமைநாயகத்துக்குக் கண் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை நினைத்து மூடியிருந்தார்.

வட்டா வாசல் வாசலாகப் போய் வந்தது; அடுத்த செயலமர்வுக்குச் சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. நிறைந்து, வாசலில் வழிந்தது. பெண்கள் பட்டுச்சேலையில் வந்தார்கள். ஒருவர் வாழைக்குலை கொண்டுவந்தார். வெறுங்கையோடு எப்படி வருவது என்று இன்னொருவர் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பொதிசெய்து கொண்டுவந்தார். எல்லாரும் வந்து சேர ஒரு மணித்தியாலம் பிந்தியதால், நேர முகாமைத்துவமும் ஒரு மணித்தியாலம் பிந்தியே தொடங்கியது. ஆனால் சாப்பாட்டுக்கு முன் எழும்பிப்போவது மரியாதையில்லை என்பதால் ஒருவரும் அசையவில்லை.

முடிவில் கேதீஸ்வரியின் அண்ணன் உதயரூபன் எழுந்தார்.

"மச்சான், நீங்க கூப்பிட்டீங்க, நாங்க வந்தம். எங்கட வீடுகளுக்கு நீங்க வருவீங்களா?"

கற்றதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று வீடுவீடாய்ப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்! அருமைநாயகம் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். பணிப்பாளர் முதல் வரிசையில் இருந்தார்.

"ஓம்! கட்டாயம் வாறன்! ஒரு வீடு விடாம வாறன்!" என்று மைக்கில் முழங்கினார்.

மண்டபம் கைதட்டியது. பர்ஸானாவும் தட்டினார். மன்னார் அந்தக் கணத்தில் வரைபடத்திலிருந்தே மறைந்தது.

அன்று மாலை அருமைநாயகம் சாரனுக்கு மாறிச் சாய்ந்தார். கேதீஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இஞ்சேருங்க. நாளைக்கு அண்ணன்ட புது வீட்டுக் குடிபூரல். ஞாபகப்படுத்துறன்."

"ம்ம். போய்ட்டு வா."

விடிந்தும் விடியாமலும் வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமியது. உதயரூபனின் தம்பி சதீசன்.

"அத்தான்! வெளிக்கிட்டாச்சா? அண்ணன் உங்களக் கையோட கூட்டி வரச் சொன்னவர்!"

அருமைநாயகம் எழுந்து உட்கார்ந்தார். கொழும்பில் படித்தது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வாயால், நாலு பேருக்கு முன்னால். முதல் நாள். விடிய ஆள்.

"கேதீஸ்... வெத்தில வெச்ச இடத்தில என்ன கேட்டாங்க?"

"எல்லா வாசல்லயும் ஒரே கேள்விதான். 'நாங்க வந்தா, எங்கட வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வருவாரா?' என்ன கேட்டாலும் ஓம் எண்டு நீங்கதானே சொல்லச் சொன்னீங்க."

"அப்ப அடுத்த ஞாயிறு?"

"பெரியம்மாட பேத்திக்குக் காதுகுத்து."

"அதுக்கடுத்த ஞாயிறு?"

"முதல்ல இண்டைக்கு வெளிக்கிடுங்க."

இஸ்திரி போட்ட வேட்டி தலைமாட்டிலேயே இருந்தது. அருமைநாயகம் அதைப் பார்க்காமல், இத்தனை காலமும் தன்னைக் காப்பாற்றிய அந்த ஒற்றைச் சொல்லைக் கடைசியாக ஒருமுறை எடுத்தார்.

"எனக்கு இண்டைக்குச் செயலமர்வு எண்டு சொல்லு."

"அங்க வாற சனமெல்லாம் இப்ப அண்ணன்ட வீட்டிலதான் இருக்கு. ஆருக்கு நடத்தப் போறீங்க?"