தகடு கறுக்கக் கூடாது

மூன்றாம் நாள் காலையில் வெள்ளித் தகட்டின் ஓரத்தில் இலேசாக மஞ்சள் படிந்திருந்தது. காப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். மஞ்சள் கண்ணாடியில் இல்லை, தகட்டில்தான் இருந்தது.

தகடுகள் மொத்தம் இரண்டு. ஒன்று செம்பு, ஒன்று வெள்ளி. இரண்டும் தீப்பெட்டி அளவு. இசைக் கல்லூரியின் வாத்தியக் கிடங்கில் ஒரு சிறு தாங்கியில் அவற்றை மாட்டிவிட்டுப் போன நிபுணர் அதிகம் பேசுகிறவர் அல்லர்.

"முப்பது நாள் இப்படியே இருக்கட்டும். காத்துல கெட்ட வாயு இருந்தா கறுக்கும், இல்லேன்னா கறுக்காது. தொடாதீங்க" என்றார், போய்விட்டார்.

கிடங்கு தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. அதன் ஒரே வென்டிலேட்டர் தெருச் சாக்கடைக்கு நேர் மேலே வாய் திறந்திருந்தது. மழைக்காலத்தில் டிரம்பெட்டுகள் பச்சை பூத்தன. வயலின் பெட்டிகளின் வெல்வெட்டுத் துணியில் பூஞ்சை வெண்மையாகப் படர்ந்தது. பதினோரு ஆண்டுகளில் அந்த வாடை காப்பாளரின் சட்டைகளுக்குள்ளும் குடியேறிவிட்டது. "சட்டையைக் கழட்டிட்டு உள்ளே வாங்க" என்பதுதான் மாலைதோறும் வீட்டு வாசலில் மனைவி அவருக்கு அளிக்கும் வரவேற்பு.

மூன்றாவது மாடியில் நூலகம் இருந்தது. அதற்கு ஆறு ஜன்னல்கள். நூலகப் பொறுப்பாளர் அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறார் என்று தெரிந்த அன்றே காப்பாளர் மாற்றல் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கிப் படித்த முதல்வர் அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இந்தத் தகடு சோதனை முடியட்டும் சார். அப்புறம் உங்களைப் பத்தி முடிவு பண்ணலாம்."

உங்களைப் பத்தி! காற்றைப் பற்றி அல்ல, கிடங்கைப் பற்றியும் அல்ல. காப்பாளர் அந்தச் சொற்களை மூன்று நாட்களாக மென்றுகொண்டிருந்தார். சோதனைக்கு உட்பட்டிருப்பது தாமே என்பதில் அவருக்கு ஐயம் எஞ்சவில்லை. தகடு பளிச்சென்று இருந்தால் ஆறு ஜன்னல்; கறுத்தால் ஆயுளுக்கும் சாக்கடை.

அவர் உட்காரவில்லை. வாத்தியப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களையெல்லாம் உருவினார். நூற்று நாற்பது பொட்டலங்கள். அவற்றைத் தாங்கியைச் சுற்றிக் கோட்டைச் சுவர்போல் அடுக்கினார்.

இரண்டு நாள் கழித்து டிரம்பெட் ஆசிரியர் வாத்தியத்தோடு படியிறங்கி வந்தார்.

"சார், இது ஊதுற வாத்தியமா, இல்ல பேப்பர் பறக்காம இருக்க மேல வைக்கிறதா?"

"ஏன் சார்?"

"வால்வை அமுக்கினா உள்ளே போகுது. எழுந்திருக்க மாட்டேங்குது. நானும் ஒரு மணி நேரமாக் கெஞ்சிப் பாத்துட்டேன்."

"ஈரம் சார். வெயில்ல வெச்சா சரியாயிடும்."

"போன வாரம் வரைக்கும் இந்த ஈரம் எங்கே போயிருந்தது?"

காப்பாளர் பொட்டலச் சுவரைத் தம் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். சுவருக்குள்ளே வெள்ளித் தகட்டின் மஞ்சள், ஓரத்தைவிட்டு நடுவுக்கு வந்திருந்தது.

அவருடைய மைத்துனன் பள்ளியொன்றில் வேதியியல் ஆசிரியன். காப்பாளர் தொலைபேசியில் நிலைமையை விளக்கினார்.

"மாமா, ஈரம் வேற, வாயு வேற. பொட்டலம் தண்ணியைக் குடிக்கும். சாக்கடைக் காத்தையும் சேத்துக் குடிக்கணும்னா அதுக்கென்ன தலையெழுத்தா? மொதல்ல அந்த ஓட்டையை அடைங்க."

அன்றே ஓட்டை அடைபட்டது. காப்பாளர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். பழைய லாரி டயர் டியூப்புகளை வாங்கி வெட்டி, ஐந்து மடிப்பாக மடித்து, இண்டு இடுக்கில்லாமல் ஆணியடித்தார். வாடை நின்றது. அவர் ஒரு மணி நேரம் நிம்மதியாக மூச்சுவிட்டார்; அந்த முப்பது நாட்களில் அவருக்குக் கிடைத்த ஒரே ஒரு மணி நேரம் அது.

மறுநாள் மாலைக்குள் வெள்ளி, தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. செம்பின்மேல் கரும்புள்ளிகள்.

"எதை வெச்சு அடைச்சீங்க?" என்றான் மைத்துனன்.

"நல்ல கெட்டி ரப்பர் மாப்ள. அஞ்சு மடிப்பு."

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தொலைபேசியில் கேட்டது.

"மாமா, ரப்பர்ல கந்தகம் சேத்துத்தான் பதப்படுத்துவாங்க. வெளியில இருந்த எதிரியைத் தொரத்திட்டு, உள்ளேயே ஒருத்தனுக்கு நாற்காலி போட்டு உட்கார வெச்சிருக்கீங்க."

"இதை நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க டயர் கடைக்குப் போவீங்கன்னு நான் கனவா கண்டேன்? அக்கா இருக்காளா? ஃபோனை அவகிட்டக் குடுங்க."

"வேண்டாம்" என்று காப்பாளர் அவசரமாக வைத்துவிட்டார்.

ரப்பரைப் பிடுங்கினார். அதற்குள் ஒரு மழை பெய்து சாக்கடை நிறைந்திருந்ததால், இரண்டு நாளாக வெளியே காத்திருந்த வாடையெல்லாம் உரிமையோடு உள்ளே வந்தது. இனித் தடுப்பதற்கு ஒன்றுமில்லை, துடைப்பதுதான் வழி என்று அவர் தீர்மானித்தார். "தொடாதீங்க" என்று நிபுணர் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. விரலால்தானே தொடக் கூடாது? பழைய பல்துலக்கியால் தொட்டார். பற்பசை வேலை செய்தது. வெள்ளி, நிலவுத்துண்டுபோல் மின்னியது. ஆனால் புதிதாகத் தேய்த்த வெள்ளிக்குக் கறுப்பதில் முன்பைவிட ஆர்வம் அதிகமாக இருந்தது. காலையில் தேய்த்தால் பிற்பகலில் மஞ்சள். பிற்பகலில் தேய்த்தால் மறுநாள் காலையில் மஞ்சள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தேய்க்க வேண்டியதாயிற்று.

பதினான்காம் நாள் முதல்வர் அம்மாள் எதிர்பாராமல் உள்ளே வந்தார். மோப்பம் பிடித்தார்.

"என்ன சார், பல் ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

காப்பாளர் பல்துலக்கியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பாலிஷ் அம்மா. வயலினுக்கு."

"அட, மணமா இருக்கே! ஒண்ணுக்கு மட்டும் எதுக்கு? எல்லா வயலினுக்கும் போட்டுடுங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்."

அன்று மாலை முழுவதும் காப்பாளர் இருபத்திரண்டு வயலின்களுக்குப் பல் விளக்கிவிட்டார். மறுநாள் அவற்றின் மெருகு மங்கி, இணைப்பு விளிம்புகளில் பசை வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து நின்றது. முதல்வர் அம்மாள் பார்த்துவிட்டு, "புது மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அது பாராட்டா, கண்டனமா என்று புரியாமல் காப்பாளர் அன்று சாப்பிடவில்லை.

இந்த அறையில் இருக்கும்வரை தகடு பிழைக்காது என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. பதினைந்தாம் நாள் தகடுகளைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"கல்லூரிச் சாமான். உன் பீரோவுல பத்திரமா வை."

"வெள்ளியா?"

"ஒண்ணு வெள்ளி."

"கல்யாணமாகி பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் வீட்டுக்கு வெள்ளி வந்திருக்கு. இதையும் திருப்பிக் குடுக்கணுமா?"

"பதினஞ்சு நாள்ல."

"அதுவும் தீப்பெட்டி அளவுல!"

ஆனால் அவள் பொருள் காப்பதில் தேர்ந்தவள். தகடுகளைப் பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமான மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, இரண்டு சாக்கட்டியும் போட்டு மூடினாள். "என் கொலுசு இன்னி வரைக்கும் கறுத்ததில்ல. இதைக்கூடத் தெரிஞ்சுக்காம அங்கே பதினோரு வருஷமா என்னதான் காப்பாத்துறீங்க?" என்றாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

கிடங்கில் தாங்கி காலியாக இருக்க முடியாது. பால்மாவு டப்பாவின் மூடியை வெட்டி வெள்ளித் தகடு செய்தார். ஓட்டை விழுந்து ஒதுக்கிவைத்த ஒரு பெரிய முரசின் செம்புக் கிண்ணத்திலிருந்து செம்புத் தகடு கிடைத்தது. கறுக்காமல் இருக்க இரண்டின்மேலும் மனைவியின் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவினார். போலிகள் அசலைவிடக் கம்பீரமாக நின்றன.

இதன் விளைவு அவர் எதிர்பாராதது. முதல்வர் அம்மாள் நாள்தோறும் வந்து பார்க்கத் தொடங்கினார்.

"இருபத்திரண்டு நாள்! ஒரு கறை இல்ல சார்! நான் மேலிடத்துக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள எதுக்கும்மா..."

"அடக்கம் போதும் சார். அவங்க நம்பவே மாட்டேங்கறாங்க."

காப்பாளருக்கும் நம்ப முடியவில்லைதான். தகடுகள் ஒளிவிட்ட அதே அறையில் புல்லாங்குழல்களின் வெள்ளி முலாம் கரிக்கட்டையாகியிருந்தது. பொட்டலங்கள் எல்லாம் போலிகளைக் காவல் காத்துக்கொண்டிருக்க, ஒரு செல்லோவின் முதுகுப்பலகை பசை விட்டு, கதவுபோல் திறந்துகொண்டது. அவர் அவற்றையெல்லாம் உள் அலமாரியில் தள்ளிப் பூட்டிவிட்டு, யார் கேட்டாலும் "பழுதுபார்க்கப் போயிருக்கு" என்றார். கேட்பவர்கள் போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் போனால் பீரோவைத் திறந்து டப்பாவைப் பார்த்தார். கிடங்குக்கு வந்தால் தாங்கியைப் பார்த்தார்.

முப்பதாம் நாள் பதினொரு மணிக்கு வரவேண்டிய நிபுணர் பத்து மணிக்கே வந்துவிட்டார். அசல் தகடுகள் வீட்டில் இருந்தன. காப்பாளர் மனைவிக்கு ஃபோன் செய்துவிட்டு நிபுணரைத் தேநீர் குடிக்க அழைத்தார். அவர் ஏற்கெனவே குடித்துவிட்டதாகச் சொன்னார். இன்னொன்று குடிக்கலாம் என்றார் காப்பாளர். சர்க்கரை நோய் என்றார். சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம் என்றார். நிபுணர் குடித்தார்.

அரை மணி நேரத்தில் வாசலில் கூச்சல். வாயிற்காவலர் யாரையோ மறித்து நின்றார்.

"டப்பாவைத் திறந்து காட்டுங்கம்மா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

"என் கொலுசு இருக்குய்யா இதுல! நடுரோட்டுல திறந்து காட்டவா?"

காப்பாளர் ஓடினார். "என் வீட்டுக்காரிதான்யா, விடு."

"அப்படியா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான்கூட யாரோ நல்ல எடத்து அம்மான்னு நெனச்சேன்" என்றார் காவலர்.

டப்பாவைப் பறித்துக்கொண்டு படியிறங்கிய காப்பாளர் போலிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டு, அசல்களை மாட்டி, கடைசி முறையாக ஓர் ஊது ஊதி நிமிர்ந்தபோது நிபுணரும் முதல்வர் அம்மாளும் உள்ளே நுழைந்தார்கள்.

நிபுணர் உருப்பெருக்கியை எடுத்தார். நிற அட்டையைத் தகட்டின் அருகில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"பத்துக் கிடங்குல மாட்டினேன்" என்றார் நிபுணர் மெதுவாக. "காட்சியகத்துல மாட்டினேன், வானிலை நிலையத்துல மாட்டினேன். ஒம்பதும் கறுத்துப்போச்சு. குளிர்சாதனம் வெச்சிருக்கிற எடத்துலயே கறுத்துப்போச்சு. இந்த மாதிரி ஒரு காத்தை நான் பாத்ததில்ல. புட்டியில அடைச்சு விக்கலாம்."

அந்தக் காற்றை அவர் அப்போது கைக்குட்டை வழியாகத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. நிபுணர்கள் கருவியை நம்புகிறவர்கள்.

முதல்வர் அம்மாள் காப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் பத்தி முடிவாயிடுச்சு சார். திங்கக்கிழமை உத்தரவு வந்துடும்."

சனிக்கிழமை அவர் தம் சட்டைகளையெல்லாம் இரண்டு முறை துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் கிடங்குப் பக்கம் திரும்பாமல், தண்ணீர்ப் புட்டியோடு நேரே மூன்றாவது மாடிக்கு ஏறினார். நூலகம் வெளிச்சமாக இருந்தது. முதல் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நான்காவதற்கு மாற்றினார். அங்கே காற்று இன்னும் நன்றாக வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் கால்களை நீட்டினார்.

மாடிப்படியில் மூச்சிரைப்புக் கேட்டது. வாயிற்காவலர் கையில் உத்தரவுக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"வாழ்த்துகள் சார்! ஊர்லயே சுத்தமான காத்து நம்ம கிடங்குலதானாம், அதனால மத்த ஒம்பது கிடங்குச் சாமானையும் இனிமே அங்கே உங்க பொறுப்புலதான் வெக்கணுமாம். வாசல்ல லாரியெல்லாம் வந்து நிக்குது, கீழே எந்தப் பக்கம் எறக்கச் சொல்லட்டும்?"