அஞ்சலினின் கல்யாணமும் என் பல்செட்டும்

பதுளை,
ஞாயிறு மாலை.

அன்புத் தங்கை றோசாலிக்கு,

மழையையும் என் இருமலையும் கணக்கில் எடுக்காவிட்டால் நானும் உன் அண்ணி ஜெசிந்தினியும் சுகம். பெரகலயில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். சொல்ல வருவது குழம்பிவிடக் கூடாது என்பதற்காக முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. என் புது மேல் பல்செட் எப்படி ஒட்டி நிற்கிறது.
2. எப்போது விழுகிறது.
3. ஆகையால், உன் மகள் அஞ்சலினின் கல்யாணப் பூசையில் தாய்மாமனாக நான் வேத வாசகம் வாசிக்க முடியாது.

முதலாவது. வாயின் மேற்கூரையான அண்ணம் மென்மையான சவ்வு, செட் கடினமானது. இரண்டுக்கும் நடுவே எச்சில் மெல்லிய படலமாக நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. வேறு பசை கிடையாது. விஞ்ஞானம் படிப்பித்தவன் என்றாலும் எனக்கே சந்தேகம் வந்து, மரக்கறி வந்த பொலித்தீன் பையை நனைத்து யன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். நின்றது. காயக் காய ஓரத்தால் காற்று நுழைந்து, உரிந்து விழுந்தது.

"லீக்ஸ் பேக்கைக் கண்ணாடியில ஒட்டிட்டு என்னத்தங்க பார்க்குறீங்க?" என்றாள் உன் அண்ணி.

"என் வாயை" என்றேன்.

இரண்டாவது. பயந்தால் எனக்கு வாய் காய்ந்துவிடும், அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இன்று பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு கோயிலில் ஒத்திகை பார்க்கலாம் என்று வாசக மேடையில் ஏறினேன், மைக்கைக் கண்டதும் நாக்கு வறண்டுபோய், "சகோதரரே" என்று முடிப்பதற்குள் செட் கழன்று வேதப் புத்தகத்தில் விழுந்து, அதைப் பொறுக்கக் குனிஞ்சு நெத்தியால மைக்கை இடிச்சு, அந்தச் சத்தத்துக்கு கோயில் பார்க்கிற கிருபாகரன் ஓடி வந்து, "மைக் நல்லாத்தான் இருக்கு சேர், வேற என்னமோ விழுந்த மாதிரி கேட்டுச்சு"ங்கிறான், நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன், ஆளில்லாத கோயில்லயே இப்படின்னா மாப்பிள்ளை வீட்டுச் சனம் பூரா பார்த்துக்கிட்டு இருக்கும்போது என்ன ஆகும், நீயே சொல்லு.

மூன்றாவது. பிள்ளை போன் எடுத்து, "மாமா, நீங்க வாசிக்காட்டி எனக்குக் கல்யாணம் மாதிரியே இருக்காது" என்றாள். அதனால்தான் அவளுக்கு எழுதத் தைரியமின்றி உனக்கு எழுதுகிறேன். அவள் மனம் நோகாமல் நீ சொல்லிவிடு. உன் மகன் றொனி வாசிக்கட்டும். அவனுக்குச் சொந்தப் பற்கள்.

பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

உன் அண்ணன்,
இராயப்பன்

பி.கு.: பிழை ஏதும் இருக்குமோ என்று இதை ஆரம்பத்திலிருந்து உன் அண்ணிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். கிருபாகரன் வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். முடித்ததும், "இம்புட்டையும் வாசிச்சீங்களே, பல்லு விழுந்துச்சாங்க?" என்று கேட்டாள். விழவில்லை. கல்யாணத்தன்று முதல் வரிசை வாங்கில், எனக்கு நேரே அவள் உட்காருவாளாம். அஞ்சலினிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. நான் மேலே வரிசைப்படுத்தியதில் மூன்றாவது பிழை.