மெய்யின் தலையிலே புள்ளி

“கண்ணாடிக் கதவுக்கு ஒட்டுற தடிச் சரக்கையா எங்க அண்ணன் வண்டிக்கு ஒட்டப் போறீங்க?” என்று கல்லாவிலிருந்து மனைவி கேட்டபோதே, அன்றைய பொழுது எந்த முகத்தில் விடிந்திருக்கிறது என்பது ஸ்டிக்கர்க் கடைக்காரருக்கு விளங்கிவிட்டது.

“தடிச் சரக்குக்கு என்ன குறைச்சல்? வருஷக்கணக்கா நிக்கும்.”

“சமமான இடத்துல நிக்கும். வண்டி ஒடம்பு பூரா மேடு, பள்ளம், வளைவு. அதுக்கு மெல்லிசு வினைல் தாள்தான் படிஞ்சு உட்காரும். ரோல் வித்தவரே சொன்னாரு.”

“வித்தவரு வேற எப்படிச் சொல்வாரு?”

வாதத்தில் வென்றவர் கடைக்காரர். வெட்டும் இயந்திரத்தில் ஏறியதோ மெல்லிய வினைல்.

மைத்துனர் தம் உத்தியோகத்தை உதறிவிட்டு, பழைய வண்டியொன்றை வாங்கி, புது நீல வர்ணம் பூசி, ஊர் ஊராகச் சென்று மண்ணைச் சோதித்துச் சொல்லும் தொழிலில் இறங்கியிருந்தார். விவசாயிகள் சங்கத் தலைவர் நண்பகலில் வண்டியைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் சங்கத்து நிலம் அத்தனைக்கும் மைத்துனரே பரிசோதகர். பிடிக்காவிட்டால், வண்டியும் அவரும் வீதியிலே.

‘மண் பரிசோதனை’ என்னும் வெள்ளை எழுத்துகளைத் தாங்கிய நீண்ட ஒட்டுத்தாளை, பசைப்பக்கம் வண்டியை நோக்க, இரு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்தினார் கடைக்காரர். எங்கிருந்தோ வந்த காற்று, தாளை அவருடைய வழுக்கைத் தலையின்மேல் போர்த்திவிட்டுப் போயிற்று.

“யாரு போர்த்துன பொன்னாடைங்க?” என்றார் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்.

“உங்களுக்கும் ஒண்ணு போர்த்தவா?” என்று சீறியபடியே தாளைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து வண்டியில் பதித்து, அட்டையால் தேய்த்து, எழுத்துகளைத் தாங்கிவந்த மேல்தாளை மட்டும் உரித்தார். எழுத்துகள் மேடுபள்ளம் பாராமல் பூசினாற்போல் படிந்திருந்தன. தலை சற்றே பிசுபிசுத்தது; உள்ளங்கையால் அழுத்தித் தடவிவிட்டுக்கொண்டார்.

வழியே போன ஒருவர் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி பரிசோதிப்பீங்களா, அப்புறமா?”

“யோவ், என்னய்யா உளர்றே?”

“மண பரிசோதனைன்னுதானே போட்டிருக்கு?”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ‘ண்’ மேலே புள்ளியைக் காணோம்! புள்ளி நீங்கினால் மெய்யெழுத்து உயிர் பெறும் என்பது இலக்கணம். கடைக்காரருக்கோ உயிர் போயிற்று. குற்றம் சாட்ட ஆள் இருக்கிறாள் என்ற நினைவு வந்ததும், போன உயிர் திரும்பியும் வந்தது.

“பார்த்தியா உன் மெல்லிசுச் சரக்கோட லட்சணத்தை! வளைவுல ஒரு புள்ளி நிக்க மாட்டேங்குது!”

“இங்கதான் எங்கயாவது ஒட்டியிருக்கும். தேடிப் பாருங்க.”

“போனது போச்சு. இப்ப பாரு நம்ம சரக்கை!”

தடித்த வினைலில் புதிய புள்ளி வெட்டி ஒட்டினார். அது மேட்டின் விளிம்பிலே கொட்டாவி விடும் வாய்போலத் திறந்துகொண்டு விழுந்தது. வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதாக முடிவுகட்டித் தின்னரால் துடைத்தார். பிசுக்கு வரவில்லை, நீலம் வந்தது. தட்டளவு இடம் வெளுத்துப்போயிற்று. சூடு காட்டினால் வினைல் வளைந்துகொடுக்கும் என்று, இன்னொரு புள்ளியை ஒட்டி ஹீட் கன்னை நீட்டினார். புள்ளி மிளகாகச் சுருண்டது. கீழே நின்ற ‘ண’வும் மூக்கைச் சுளித்தது.

“இனி மொத்தத்தையும் உரிச்சிட்டுத் தடிச் சரக்குல ஒட்ட வேண்டியதுதான்.”

“உரிச்சுக் கிரிச்சு வெக்காதீங்க! புதுப் பெயிண்ட், இன்னும் இறுகியிருக்காது” என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

“எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?”

ஒரே இழுப்பு. மெல்லிய வினைல் தான் பற்றியதை விடுகிற ஜாதியன்று. வர்ணத்தையும் எழுத்து வடிவிலேயே கையோடு அழைத்துக்கொண்டு வந்தது. வெறும் தகரத்தில், இனி எவராலும் உரிக்கவியலாதபடி, ‘மண பரிசோதனை’ பளபளத்தது.

அந்த வேளை பார்த்து சங்கத் தலைவர் தம் லாரியில் வந்து இறங்கினார்; கூடவே மைத்துனரும்.

“என்ன மாப்பிள்ளை இது?” என்று மைத்துனர் வெறும் தகரத்தைத் தடவிப் பார்த்தார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “எங்க ஆளுங்களுக்கு மணத்தைப் பரிசோதிக்கிற காலமெல்லாம் கடந்துபோச்சுங்க. இப்பத் தெரிஞ்சும் என்ன பண்றது? ஆனா ஒண்ணு, ஒரு புள்ளியைத் தொலைச்சவங்க, மண்ணுல உப்பு எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“ஐயா, இன்னொரு தடவை...” என்று மைத்துனர் கைகூப்பினார்.

“சரி. தொலைஞ்ச அந்தப் புள்ளியைக் கண்டுபிடிச்சுக் காட்டுங்க. வேலை உங்களுக்குத்தான்” என்று ஏளனமாகச் சிரித்துவிட்டுத் தலைவர் தம் லாரியை நோக்கி நடந்தார்.

கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். “ஐயா, மச்சான்மேல தப்பே இல்லீங்க! எல்லாம் என் வீட்டுக்காரி எடுத்த மெல்லிசு வினைல். வளைஞ்ச இடத்துல அது ஒட்டவே ஒட்டாது. என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்!” என்று தலையைக் குனிந்து நின்றார்.

லாரியின் உயர்ந்த இருக்கையிலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, உங்க வழுக்கையில ஒரு சுருக்கங்கூட இல்லாம வெள்ளையா ஒரு புள்ளி ஒட்டியிருக்கே, அது எந்த வினைலுங்க?”