மொட்டைப்பனை வழக்கைத் தயவுசெய்து முடிக்க வேண்டாம்

நீர்வேலி,
பங்குனி 1984

பெருமதிப்புக்குரிய பிறக்கிராசி கதிரவேலு அத்தான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாயிருக்க வைரவர் துணை. இங்கு நாங்கள் சுகம். ஆட்டுக்கு மட்டும் வயிறு சரியில்லை.

எல்லைப் பனை வழக்கு விஷயமாக எழுதுகிறேன். எட்டு வருடமாக அது என்னுடையது என்று நானும், தன்னுடையது என்று பக்கத்து வளவு முத்துக்குமாருவும் அடிபட்டோம். நடுவில் இடி விழுந்து பனை மொட்டையான பிறகும் விட்டோமில்லை. கடைசியில் நீங்கள் என் வக்கீலாக நின்று தொண்டை வற்றப் பேசி, சித்திரை பிறக்குமுன் மரத்தைத் தறித்து ஆளுக்குப் பாதி என்று கோட்டில் நீதிபதி முன் இணக்கம் செய்து வைத்தீர்கள். அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவன். இப்போது அந்த இணக்கத்தை நீங்களே உடைத்துத் தர வேண்டும்.

கோபிக்க முன் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் சைக்கிளில் வந்து, வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, தூரக்கண்ணாடியால் எங்கள் பனையை அடியிலிருந்து நுனி வரை பார்த்து ஏதோ குறித்தார்கள். முத்துக்குமாரு எனக்குத் தெரியாமல் பிடித்துவந்த நில அளவையாளர்கள் என்றே நினைத்து, ஆட்களை நம் பக்கம் இழுக்க வேண்டுமே என்று ஓடிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். முத்துக்குமாருவும் என்மேல் அதையேதான் நினைத்திருக்கிறார், கப்பல் வாழைக்குலையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் எதையும் மறுக்காமல் சாப்பிட்டார்கள், பனையை விட்டு மட்டும் கண்ணெடுக்கவில்லை. எல்லைக்கல்லைக் காட்டி நான் விளக்கம் சொல்லத் தொடங்க, வாயை மூடும்படி அந்த அம்மா சைகை காட்டினார். பிறகுதான் விளங்கியது: கணவர் சோமசேகரம், விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர், மனைவி பெயர் மகாதேவி. இருவருக்கும் பறவை பார்ப்பதே வேலை. “இஞ்சை எங்கையும் பொன்முதுகு மரங்கொத்திதான். உது செம்முதுகு. உதைத் தேடி நாங்கள் அலையாத தோட்டமில்லை,” என்றார் மாஸ்டர். பனையின் பொந்துக்குள் குஞ்சுகள் கத்துவது எனக்கும் கேட்டது. மரம் தறிபடப் போவதைச் சொன்னதும் மகாதேவியம்மா அழுதுவிட்டார். அத்தான், அந்தச் சிவப்பை நானும் கண்ணாடியால் பார்த்தேன். தறிக்க மனம் வரவில்லை.

ஆனால் கோட்டில் கையெழுத்து வைத்ததை மீறவும் பயம். அப்போதுதான், எட்டு வருடமாக என் முகம் பாராத முத்துக்குமாரு வாய் திறந்தார். “பனை என்ரை எண்டு நான் நிக்கிறன். உம்மடை எண்டு நீர் நில்லும். வழக்கு நடக்குமட்டும் ஒருத்தரும் உதிலை கைவைக்கேலாது.”

ஆகவே அத்தான், வழக்கை மறுபடி எழுப்பி, முடிந்தமட்டும் இழுங்கள். தவணைமேல் தவணை வாங்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? எதிர்த்தரப்பு மறுப்புச் சொல்லாது. நேற்று என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே சத்தியம் பண்ணியிருக்கிறது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீங்களும் இந்த வழக்கும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மைத்துனன் தியாகலிங்கம்

பி.கு.: இதை எழுதிவைத்துவிட்டு முத்திரை வாங்க மறந்துபோனேன். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன. மேலே எழுதியதெல்லாம் வேண்டாம், பனையைத் தறிக்கலாம். ஆனால் தாயும் தகப்பனும் இப்போது என் கிணற்றடிப் பூவரசை அடுத்த பொந்துக்குத் தட்டிப் பார்க்கின்றன. அது முழுக்க என்னுடையது, ஒரு வில்லங்கமும் இல்லை. அதுதான் முத்துக்குமாருவுக்குப் பயம். “உம்மடை மரமெண்டால் நீர் ஒருநாளைக்கு வெட்டிப்போடுவீர்,” என்று சொல்லி, பூவரசில் தனக்கும் பங்கு கேட்டு வழக்குப் போடப் போகிறார். எனக்காக நீங்களே வந்து பேச வேண்டும். வென்றுவிட மட்டும் வேண்டாம்.